ஏசி ஓடினால்தான் கிறிஸ்துமஸ்

மில்டூரா,
கிறிஸ்துமஸ் காலை.

டிசம்பர் கோடையிலும் குளிரடிக்கும் தெற்குக் கோடி ஹோபார்ட்டில் கம்பளிச் சட்டையோடு சுகித்திருக்கும் என் மனைவியின் அருமைத் தம்பி நெவிலுக்கு, அத்தான் மெர்வின் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா நோரீனும் உயிரோடு இருக்கிறோம். அதில் உன் பங்கு எதுவும் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நம் மகள் பிரானிக்கு இது நிறைமாதம் என்பதை அறிவாய். "அப்பா, இந்த வயித்த வச்சுக்கிட்டு இந்த வெயில்ல அடுப்பு மாதிரி இருக்கிற உங்க வீட்டுக்குள்ள வந்து உக்கார முடியாது. ஏசி ஓடுனா வர்றேன், இல்லன்னா மாமியார் வீட்லதான் கிறிஸ்துமஸ்" என்று போனில் சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் என் மேசையை விட்டுப் போகாத பிள்ளை, எனக்குச் சாப்பாடு இறங்குமா? வெயிலுக்குக் குளிரும் குளிருக்குச் சூடும் தர்ற பெட்டியா ஒண்ணு வாங்கினேன். கடைக்காரன் மாட்டி, குழாயெல்லாம் இணைச்சுட்டு, கரண்டுக்கு வேற ஆளப் பாருங்கன்னு போயிட்டான். பார்த்தா, ஊர்ல இருக்கிற அத்தனை எலெக்ட்ரீஷியனும் லீவு போட்டுட்டு மீன் பிடிக்கப் போயாச்சு, ஜனவரி கடைசிக்கு முன்னாடி ஒருத்தனும் வரமாட்டானாம். அப்பதான் புத்தி கெட்டுப்போய் உனக்கு போன் பண்ணித் தொலைச்சேன். நீ என்ன சொன்னே? இதெல்லாம் ஒரு வேலையா அத்தான், பிரிட்ஜுக்குப் போற லைன்லயே சேர்த்து முறுக்கி விடுங்கன்னே.

ஸ்குரூ டிரைவரோட நான் சுவர்கிட்டப் போறதுக்குள்ள உன் அக்கா வந்து நின்னா. "கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வெந்தாப் போதும் மெர்வ், நீ வேற வேகாதே"ன்னா. லைசென்ஸ் இல்லாதவன் வயர்ல கை வச்சாக் குத்தம்னு ஒரு பாட்டம் பாடித் தீர்த்தா. எனக்குத் தெரியாதா அது? தெரிஞ்சுதான் போனேன். மக வரணுமே.

அப்புறம் ஒரு பெட்டி பீரைத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடினேன். எலெக்ட்ரீஷியன் டேரல் அங்க கூடாரம் போட்டிருந்தான். நான் சேத்துல வழுக்கி விழுந்து போட்ட சத்தத்துல, அவன் தூண்டில்ல மாட்டியிருந்த பெரிய மீன் பிய்ச்சுக்கிட்டு ஓடிப்போச்சு. வாயில வந்தபடி திட்டினான். சேத்துல உக்காந்தபடியே பிரானி கதையைச் சொன்னேன். தூண்டிலைச் சுருட்டிட்டு வண்டியில ஏறிட்டான். புண்ணியவான், வேலை முடியற வரைக்கும் பீரைத் தொடலே. மெயினை அணைச்சு, மீட்டர் வச்சு கரண்ட் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் கையே வச்சான். பிரிட்ஜ் வயரை வெளியே இழுத்தா, மேலுறை பிஸ்கட் மாதிரி உதிருது. அதையும் மாத்தினான். ஏசிக்குன்னு தனி வயரு, தனி பிரேக்கர், ஷாக் அடிக்காம காக்கிற சுவிட்சு, வெளியில பெட்டி பக்கத்துல அணைக்கிற சுவிட்சு ஒண்ணு, எல்லாம் போட்டு முடிச்சுட்டுக் கேட்டான்: "பிரிட்ஜ் லைன்ல சேர்க்கச் சொன்னது யாரு?"

"மச்சான்."

ஸ்குரூ டிரைவரைப் பையில போட்டுக்கிட்டே கேட்டான்: "அவருக்கு உங்க மேல என்ன கோவம்?"

ஏசி ஓடுது நெவில்! உன் அக்கா அதுக்கு நேர் கீழே நின்னு என்னையும் இழுத்துவச்சு ஆடினா. பிரானி கிளம்பிட்டாளாம். டேரலையும் விருந்துக்குக் கூப்பிட்டாச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவர் சகல நன்மையும் அருள்வாராக. உன் கையிலிருந்து மின்சாரத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
மெர்வின்

பின்குறிப்பு: இதை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். வாசலில் காரை விட்டு இறங்கும்போதே பிரானிக்கு வலி வந்துவிட்டது. வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம், நான் அழுதுகொண்டே இருக்கிறேன். எல்லோரும் இங்கேதான், ஆஸ்பத்திரி ஏசியில். வான்கோழியோடு வீட்டில் இருப்பது டேரல் ஒருத்தன்தான். இப்பத்தான் போன் பண்ணினான். ரொம்பக் குளிருதாம், போர்வை எங்கேன்னு கேக்கறான்.