செக்கிங் அண்ணனும் இடது பக்கத்து ஸ்பீக்கரும்

காலையில் சூரியன் உதித்தால்கூட, யார் சொல்லி உதித்தது என்று விசாரித்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார் செக்கிங் அண்ணன். கோயம்புத்தூர் ஜில்லாவின் சந்தேகம் முழுவதையும் ஒற்றை ஆளாகக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். உங்களிடமோ என்னிடமோ கொஞ்சம் மிச்சமிருந்தால் அது அவர் கவனிக்காமல் விட்டது.

சரவணம்பட்டியில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு எதிர்வீட்டுக்காரர். டவுன் பஸ்ஸில் பாதி வழியில் ஏறி எல்லோரிடமும் டிக்கெட் கேட்பார்களே, அந்த உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர்கள் பயந்து கூப்பிட்ட 'செக்கிங்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்று, அவரைப்போல மரியாதையாகச் சந்தேகப்பட யாராலும் முடியாது. "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தால் தப்பாக நினைக்கிற மாதிரி ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க பொண்ணு ஊடுங்களா, மாப்ள ஊடுங்களா?" என்று கேட்டார். ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவர் என்று அவர் முடிவு கட்டியிருந்த அந்த மனிதர், மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன். அன்றைக்குப் பாயசம் வராமலே நாங்கள் எழுந்து வந்தோம்.

இப்பேர்ப்பட்டவர் போன வருடம் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏனுங் அம்மணி, இந்த ரெக்கார்டு போடற செட்டு வாங்கோணுமுங்க. கொஞ்சம் கூட வாரீங்களா?"

என் வீட்டில் சின்னதாக ஒரு இசைத்தட்டு செட் இருக்கிறது. அதனால் வந்த வினை. அவர் கையில் துண்டில் சுற்றிய ஒரு தட்டு இருந்தது. அவர் மனைவி மெர்சி அக்கா கல்யாணத்துக்கு முன்பு சர்ச் பாடகர் குழுவில் பாடிய கிறிஸ்மஸ் பாட்டுகள். அவர்கள் வீட்டில் என்றைக்குமே ரெக்கார்டு பிளேயர் இருந்ததில்லை. அதனால் அந்தத் தட்டை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, பாடுகிற ஆளே வீட்டில் இருக்கிறாரே என்று இருந்துவிட்டார். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அக்காவுக்குப் பேச்சே கரகரப்பாகத்தான் வருகிறது. பாட்டு போயே போய்விட்டது. இனி அக்காவின் குரல் இருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான்.

"எடது பக்கம் மொத வரிசையில நின்னு பாடுனாளுங்க," என்றார்.

காந்திபுரத்துக் கடையில் முதலில் பெட்டி மாதிரி மூடித் திறக்கிற பிளேயர் ஒன்றைக் காட்டினார்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். விலையும் மலிவு. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாம் ஒண்ணுக்குள்ளயே இருந்தா, எது தப்புப் பண்ணுச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

தனித்தனியாக வாங்குவது நல்லது என்பதற்கு எத்தனையோ காரணம் படித்திருக்கிறேன். விசாரணைக்கு வசதி என்ற காரணத்தை அன்றுதான் கேட்டேன். பிளேயரும் ஸ்பீக்கரும் அங்கேயே புதிதாக எடுத்தோம். ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தவர், எடை காட்டுவதற்காக உள்ளே கல்லு கில்லு போட்டிருப்பார்களோ என்று அதைக் குலுக்கினார். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். "உங்க பாட்டு உங்க கடையில நல்லாத்தானுங்க பாடும்" என்று அண்ணன் சொல்லிவிட்டு, துண்டைப் பிரித்துத் தன் தட்டை எடுக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எடுக்காமல் மறுபடி சுற்றிவிட்டார். அதை முதல்முதலாகக் கடையில் வைத்துக் கேட்க அவருக்கு மனசில்லை.

புது ஆம்ப்ளிஃபையர் பட்ஜெட்டுக்குள் அடங்கவில்லை. சூலூரில் ஒருவர் பழையதை விற்பதாக ஆன்லைனில் பார்த்து இருவரும் பஸ் ஏறினோம். விற்கிறவரிடம் அண்ணன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேராக அவர் மனைவியிடம் போனார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு இத எதுக்குங்க விக்கறாரு?"

"எடத்த அடைச்சுட்டு ஒக்காந்திருக்குதுங்க. சாயந்தரமானா டம்மு டம்முன்னு காது கிழியுது. எடுத்துட்டுப் போனா உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க!"

அண்ணன் உடனே பையை விரித்தார். பெண்டாட்டி இவ்வளவு மனசாரத் திட்டுகிற சாமான் கண்டிப்பாக நல்ல நிலையில்தான் இருக்கும் என்று பஸ்ஸில் எனக்கு விளக்கினார். உண்மையிலேயே அது நல்ல ஆம்ப்ளிஃபையர்.

எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தேன். அண்ணன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டு சுழன்றது. வலது பக்கத்தில் ஆண்கள் கணீரென்று பாடினார்கள். இடது பக்கத்தில் பெண்கள், அவர்களுக்கு முன்னால் இழைந்து வந்தது ஓர் இளங்குரல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணனைப் பார்த்தேன். முகம் சுருங்கிக் கிடந்தது.

"எடது ஸ்பீக்கரு டூப்ளிகேட்டுங்க அம்மணி. சத்தமே வரல."

அவருடைய நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில்தான் பாடின. சொன்னேன். நம்பவில்லை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தார். மறுபடியும் இடது பக்கம் மந்தம் என்றார். ஒயரை மாற்றினோம், ஊசியைத் துடைத்தோம். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். எல்லோரும் "அருமையா இருக்குதுங்க" என்றார்கள். அதில்தான் அவருக்குச் சந்தேகம் முற்றியது.

"நம்மூர்ல எவனுங்க மூஞ்சிக்கு நேரா நல்லால்லைன்னு சொல்லுவான்? எழவு ஊட்டுக் காப்பியவே அருமைன்னு சொல்லிப்போட்டு வர்ற சனமுங்க!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அந்தக் கடைக்காரரு உங்களுக்கு ஏதாச்சும் சொந்தங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலில் கூடவே அலைந்ததற்குக் கைமேல் பலன்! எதிர்வீட்டுப் பக்கமே பார்ப்பதில்லை என்று இருந்தேன். சில நாள் கழித்து மெர்சி அக்கா வந்து நின்றார்.

"கண்ணு, அவரு அந்த ஆம்ப்ளிஃபையரத் தூக்கிட்டு சூலூருக்குச் சண்டைக்குக் கெளம்பறாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு. கொஞ்சம் வா கண்ணு."

அக்காவுக்காகப் போனேன். சண்டைக்குப் போகுமுன் ஒரே ஒரு சோதனை என்றேன். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றிச் சொருகினேன்.

"இந்தப் பொட்டி எடது பக்கத்துல திருடுதுன்னா, இப்ப வலது ஸ்பீக்கர்ல சத்தம் கொறையணுங்ணா. கேளுங்க."

தட்டு சுழன்றது. இப்போது பெண்கள் எல்லோரும் வலது பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மெர்சி," என்றார்.

பாட்டு முடிகிறவரை அசையவில்லை. முடிந்ததும் பழைய உத்தியோகம் தலைதூக்கியது.

"வலது பக்கம் நல்லாக் கேக்குதுங்க. அப்பப் பொட்டி மேல தப்பில்ல. ஆனா எடது பக்கம் இப்பவும் மந்தமுங்க. ஸ்பீக்கர மாத்தியாச்சு. ஒயர மாத்தியாச்சு. அந்தப் பக்கம் மாத்தாம இருக்கறது…"

அவருடைய கை மெல்ல மேலே போய் இடது காதைத் தொட்டது.

"எனக்கு எப்பவோ தெரியுமுங்க," என்றார் அக்கா. "வருசக்கணக்கா உங்க வலது பக்கந்தான் நடக்கறேன். சொன்னா நம்பியிருப்பீங்களா? டாக்டருக்கு நான் சொந்தமான்னு கேட்டிருப்பீங்க."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்கள் இடுங்கின.

"ஏனுங் அம்மணி, இந்தக் கண்டக்டருங்க எல்லாம் என்ற எடது காதுகிட்டயேதான் விசில் ஊதுவானுக. வேணும்னே ஊதியிருப்பானுகளோ?"

சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணனே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒயரைப் பழையபடி மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. அவ இந்தப் பக்கமே இருக்கட்டும்."

பிறகு அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார். "இன்னொருக்கா போடுங்க அம்மணி," என்று சொல்லிவிட்டு, நான் ஊசியை எப்படி வைக்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். குரல் எழும்பியதும் கண்களை மூடிக்கொண்டார். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதைச் சாத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் எழுந்து போக மனசு வரவில்லை.