மாமனாரின் பாட்டுப் பெட்டி

“இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாமா?” என்று கம்ப்யூட்டர் நான்காவது முறையாகக் கேட்டது. அதில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இருந்ததே நான்கு டிஸ்க்குகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, மரியாதையோடு கேட்டது. உள்ளே இருப்பது அழிந்துவிடுமே என்று மாப்பிள்ளை நான்கு தடவையும் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் வாழ்நாளெல்லாம் பாடிய பாட்டு அந்தப் பெட்டியில் இருந்தது. கேசட்டுகளிலிருந்து அவற்றையெல்லாம் மகள்தான் பொறுமையாகத் தன் மேக் லேப்டாப் வழியாகப் பெட்டியில் ஏற்றியிருந்தாள். கேசட்டுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. இன்று மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். மாலையில் சொந்தபந்தம் முன்னால் பாட்டு ஒலிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை ஒரு பல்பு மாற்றக்கூட விடாத மாமனார், முதல் தடவையாக ஒரு வேலையை நம்பி ஒப்படைத்திருந்தார். இதில் சொதப்பினால் அந்த வீட்டில் தலைகாட்ட முடியாது.

வெளியூர் போயிருந்த மனைவிக்கு போன் போட்டார்.

“அது மேக்ல ஃபார்மட் பண்ணின பெட்டிங்க. உங்க விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் லேப்டாப்போட வந்துடுறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க.”

கை வைக்காதே என்று சொன்ன பிறகும் சும்மா இருப்பதற்கு மாப்பிள்ளை என்ன சாமியாரா?

“என்ன மாப்பிள்ளை, சிக்கலா?” என்று மாமியார் எட்டிப் பார்த்தார்.

“மேக் இருந்தாத்தான் பாட்டு வரும்ங்கிறா உங்க பொண்ணு, அத்தை.”

“அவ அப்படித்தான் சொல்லுவா. என் பையன் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு? அதுல மாட்டிப் பாருங்களேன்.”

மைத்துனனுடைய கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். செருகியதும் நான்கு டிஸ்க்குகளும் பெயரோடு வந்து நின்றன. துள்ளிக் குதித்துத் திறந்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. அந்த வீட்டில் பழகிப்போன பதில்தான். இருந்தாலும் கம்ப்யூட்டரும் அதையே சொன்னது அவருக்குச் சுருக்கென்றது.

“பெட்டிக்குப் பின்னாடி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கே,” என்று மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்குற மாதிரி படம் போட்டிருக்கு. தனித்தனியா இருக்கிறதாலதான் தகராறோ என்னவோ.”

ஒன்றாக இருப்பது நல்லதுதானே? மாப்பிள்ளை சுவிட்சைத் தள்ளி, பெட்டியை அணைத்துப் போட்டார். பெட்டி உறுமியது. விளக்குகள் சிவந்தன. நான்கு டிஸ்க் இருந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய டிஸ்க் வந்தது. அதில் பாட்டும் இல்லை, பேரும் இல்லை.

சுவிட்சைப் பழைய இடத்துக்கே தள்ளினார். பாட்டு திரும்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் விண்டோஸிடமே ஓடினார். அது அதே கேள்வியைக் கேட்டது.

“பாவம், காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கு,” என்றார் மாமியார். “ஒரு தடவை ஆமாம்னுதான் சொல்லிப் பாருங்களேன்.”

மூளை ஓடாத நேரத்தில் யார் எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும். ஆமாம் என்று அழுத்தினார். இப்போது விண்டோஸுக்குப் பெட்டியைப் படிக்க முடிந்தது. படிக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை.

“என்ன, பாட்டு ரெடியா?” என்றபடி மாமனார் உள்ளே வந்தார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “மன்னிச்சிடுங்க மாமா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.” நிஜமாகவே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாமனார் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“உங்களை நம்பியா நான் இதுல இறங்கினேன்? யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லி, பொண்ணுகிட்ட அப்பவே ஒரு காப்பி எடுத்து வாங்கிட்டேன். எல்லாப் பாட்டும் இருக்கு. எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் பாடும்.”

தன்னை நம்பாததற்காக மாப்பிள்ளை ஒரு மனிதரை இவ்வளவு வாழ்த்தியதே இல்லை. மாமனார் தொண்டையைச் செருமி, ஒரு வரி பாடிப் பார்த்துக்கொண்டே குளிக்கப் போனார்.

குளியலறைக் கதவு சாத்தியதும் மாமியார் பென் டிரைவை மெல்ல மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

“அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இதையும் அதே மாதிரி அழிச்சுக் குடுத்துடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”