மாமியின் முழங்காலும் எம்.பி.யின் சேர்ஜரியும்

"எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று சொல்வதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. சொல்லும்போது நெஞ்சு ஓரங்குலம் விரியும். பிறகு அந்த ஆளிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். நான் அதைச் சொன்னது கல்யாணமாகி எட்டாவது மாதத்தில், மாமியாரிடம்.

அப்போது நான் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று வருடம். ரெய்னர்ஸ் லேனில் வீடு. சமையலறைகளுக்கு அலுமாரி பொருத்தும் வேலை. (என் ஆங்கிலம் அலுமாரியின் நீள அகலத்தைத் தாண்டாது.) தேர்தல் நேரத்தில் ஒரு நண்பனுக்காக இரண்டு தெருவுக்குத் துண்டுப்பிரசுரம் போட்டிருந்தேன். கடைசியில் எம்.பி. வந்து கை குலுக்கி, என் பெயரைச் சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டார். அந்தப் பாதிப் பெயரை நம்பித்தான் நான் வாய் திறந்தேன்.

மாமி வேல்ஸில், கார்டிஃபில் தனியாக இருந்தார். முழங்கால் மாற்று ஒப்பரேஷனுக்காக ஒரு வருடத்துக்கு மேலாக வரிசையில் காத்திருந்தார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் என் மனைவி சுகந்தியிடம் அந்தக் காலைப் பற்றியே பேச்சு. ஒருநாள் நான் தொலைபேசியை வாங்கினேன்.

"மாமி, யோசிக்காதேங்கோ. இஞ்சை எங்கடை எம்.பி.யை எனக்கு நல்லாத் தெரியும். நான் பாக்கிறன்."

சுகந்தி என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இணையத்தில் படிவம் நிரப்பினேன். தொகுதிக்காரருக்கு மட்டும் என்றிருந்ததால், மாமியின் விலாசம் கேட்ட இடத்தில் எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டேன். பதில் வந்தது: சனிக்கிழமை காலை பத்து மணி, நூலகம், எம்.பி.யின் சேர்ஜரி. இந்த நாட்டில் எம்.பி. உட்கார்ந்து மக்களின் குறை கேட்பதற்கும் சேர்ஜரி என்றுதான் பெயர். எடுப்பான சொல்லாக இருந்ததால் அதையே மாமிக்கும் ஒப்பித்தேன்.

"மாமி, சனி காலமை பத்து மணிக்கு சேர்ஜரி கிடைச்சிருக்கு."

மறுமுனையில் விசும்பல். "தம்பி, நான் பெத்ததுகள் செய்யாததை நீங்கள் செய்திட்டியள்."

ஒரு சந்திப்புக்கா இவ்வளவு அழுகை என்று தோன்றியது. ஆனாலும் மாமியார் புகழும்போது குறுக்கே பேச எந்த மருமகனுக்கு மனம் வரும்?

வெள்ளி மாலை கோச் பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு நாளுக்குப் பெரிய சூட்கேஸ். சனி காலை சுகந்திக்கு ஷிப்ட். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

"வேண்டாம் தம்பி. தண்ணியும் குடிக்கப்படாது, தெரியும்தானே."

சனிக்கிழமை விரதம் போல என்று விட்டுவிட்டேன். என் கவலை வேறு. படிவத்தில் போட்ட அந்த விலாசப் பொய்.

"மாமி, அங்கை கேட்டா எங்களோடை இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"ஓம். கையெழுத்து வைக்கோணுமோ?"

"ஒரு படிவம் இருக்கும்."

"நீங்கள் பக்கத்திலை நிப்பியள்தானே?"

"கடைசி வரைக்கும் நிப்பன் மாமி."

நூலகத்துக்கும் மாமி சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் போல என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவருக்குக் குப்பைத் தொட்டிப் பிரச்சினை, மற்றவருக்குப் பார்க்கிங். மாமி புத்தக அலுமாரிகளைப் பார்த்து முகம் வெளிறினார்.

"இஞ்சையோ தம்பி செய்யிறவை?"

"ஓம் மாமி, மாசத்துக்கு ஒருக்கா இஞ்சைதான்."

என் கையை இறுக்கிப் பிடித்தார்.

உள்ளே எம்.பி.யும் குறிப்பெடுக்க ஒரு இளம் பெண்ணும் இருந்தார்கள். எம்.பி. என் கையைக் குலுக்கி, "நீங்கள் யார்?" என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. மாமி எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. மொழிபெயர்ப்பாளர் நானே.

"கார்டிஃபிலை இருபத்திரண்டு வருஷம்" என்றார் மாமி, நான் காலையில் சொன்னதையெல்லாம் மறந்து.

"அவர் எங்களோடு வசிக்கிறார்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாமி நிமிர்ந்தார். "கார்டிஃப்! ட்வென்ட்டி டூ இயர்ஸ்!"

எம்.பி. பேனாவை மூடினார். வேல்ஸ் ஆஸ்பத்திரிகள் வேல்ஸ் அரசாங்கத்தின் பொறுப்பு, அவர்களைக் கேள்வி கேட்க கார்டிஃபிலேயே பாராளுமன்றம் இருக்கிறது, ஸ்கொட்லாந்திலும் அப்படித்தான், லண்டன் தொகுதிக்காரரான தனக்கு இதில் அதிகாரமில்லை என்று பொறுமையாக விளக்கினார். (மாநிலத்துக்கு மாநிலம் அரசாங்கம் உள்ள ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான். எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.) பிறகு அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. அங்கே ஆள்வது அவருடைய கட்சி இல்லை. எல்லாம் அவர்களின் நிர்வாகக் கோளாறு என்று இரண்டு நிமிடம் மேடைப் பேச்சே பேசினார்.

நான் அதை ஒரு வரியில் சொன்னேன். மாமி யோசித்தார்.

"அங்கை கேட்டா லண்டன் தாற காசு காணாது எண்டினம். இஞ்சை கேட்டா அங்கத்தைய ஆக்களிலை பிழை எண்டிறார். அப்ப இஞ்சத்தைய ஆஸ்பத்திரியிலை வரிசையே இல்லையோ எண்டு கேளுங்கோ."

"மிக்க நன்றி என்கிறார்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

குறிப்பெடுத்த பெண் இருமினாள். பிறகு மாமி கேட்டதை ஒரு சொல் பிசகாமல் சுத்தமான ஆங்கிலத்தில் எம்.பி.யிடம் சொன்னாள். தமிழ்ப் பிள்ளை! நான் வாயைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். எம்.பி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, அதை விடுங்கோ" என்றார் மாமி. "நான் நேற்றையிலையிருந்து பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. எத்தினை மணிக்கு வெட்டுவினம்?" சொல்லிக்கொண்டே சூட்கேஸைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். நைட்டி, துவாய், செருப்பு, எக்ஸ்ரே.

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அன்ரி, இது கதைக்கிற சேர்ஜரி. வெட்டுற சேர்ஜரி இல்லை."

மாமி என்னைப் பார்த்தார். நான் உடனே, "அந்தப் பேர் வைச்ச ஆக்களிலைதான் பிழை மாமி" என்றேன். அரசியல் கற்றுக்கொள்ள எனக்கு அரை மணி நேரம் கூட ஆகவில்லை.

அந்தப் பெண் மாமிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, கார்டிஃபில் அவருடைய தொகுதி உறுப்பினருக்கு எப்படிக் கடிதம் எழுதுவதென்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். காரில் ஏறினோம். எனக்குத் தாங்கவில்லை.

"மாமி, பிழை என்ரை. எனக்கு அந்த எம்.பி.யைத் தெரியாது."

"அது விளங்கினது தம்பி. உங்களைப் பாத்து ஆர் எண்டு கேட்டவர்தானே." சீட் பெல்ட்டைச் சரி செய்துகொண்டார். "எண்டாலும் இந்த ஒரு வருஷத்திலை பிழை என்ரை எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். இப்ப எங்கையாவது நிப்பாட்டுங்கோ, பசிக்குது."

மூன்று மசாலா தோசை சாப்பிட்டார்.

மாமி கடிதம் எழுதினார். ஒன்றல்ல, ஐந்து. கடைசியில் பொல்லை ஊன்றிக்கொண்டு நேரிலேயே போய் அந்த உறுப்பினர் முன்னால் உட்கார்ந்தார். அடுத்த வசந்தத்தில் ஒப்பரேஷன் நடந்தது. வரிசை நீண்டபோது பொறுப்பேற்க ஒருவருமில்லை. கால் நிமிர்ந்ததும் உறுப்பினர், அவருடைய கட்சி, ஆஸ்பத்திரி என்று எல்லோரும் தங்களால்தான் என்றார்கள். (நானும் இரண்டு இடத்தில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

கிளாஸ்கோவில் இருக்கும் சுகந்தியின் தம்பி இப்போதும் தொலைபேசியில், "அத்தான், ஒரு பல்லுப் பிடுங்கோணும். ஸ்கொட்லாந்து உங்கடை அதிகாரத்துக்குள்ளை வருமோ?" என்று கேட்பான்.

மாமி அப்படிக் கேலி செய்வதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது முழங்காலைப் பற்றி விசாரித்தால் நிதானமாகச் சொல்வார்.

"எனக்கு ரெண்டு ஒப்பரேஷன் நடந்தது. முதலாவது லண்டனிலை. மருமகன்தான் செய்தவர். மயக்க மருந்து குடுக்கேல்லை."