தகட்டைத் தொட்டுட்டுச் சொல்லுங்க

சிவகாசியில் வெடிக்காத பொருளே கிடையாது, எங்கள் செம்புத்தகடு அண்ணாச்சியைத் தவிர. யார் என்ன ஏசினாலும் மனிதர் குரலை உயர்த்த மாட்டார்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு ஃபோர்மேனாக இருந்தவர். அந்த அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத்தகட்டைத் தொட வேண்டும். மருந்தைப் பற்றவைக்கக்கூடிய உடம்பு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். அண்ணாச்சி வேலையை விட்டார், தகட்டை விடவில்லை. தன் வீட்டு நிலையிலும் ஒன்றை அடித்து வைத்தார். செருப்பும் செல்போனும் வெளியே. பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான்.

செல்போன் புதிதாக எல்லார் சட்டைப்பையிலும் பாடத் தொடங்கிய காலம். நாங்கள் பல குடும்பமாக வாடகைக்கு இருந்த வளவை இடித்துவிட்டு, லிப்ட் வைத்த அடுக்குமாடி கட்ட மதுரைக் கம்பெனி ஒன்று வந்தது. வளவுக்காரர் சம்மதித்துவிட்டார். ஆனால் முன்னால் இருந்த அண்ணாச்சி வீட்டை இடித்தால்தான் லாரி உள்ளே வரும். அவர் விற்க மாட்டேன் என்றார்.

வளவுச் சுவரை ஒட்டி டீக்கடை போட்டிருந்த மாரியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஒத்த ஆளு ஊரு முன்னேத்தத்தையே மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருலே! கிறுக்கு!"

வளவே ஆமாம் போட்டது. பிறகு ஒவ்வொருவராக அண்ணாச்சி வீட்டுப் பின்வாசலுக்குப் போனது. "வித்துராதீக அண்ணாச்சி, நாங்க எங்கன போவோம்?" என் அம்மா மீன்குழம்போடு போய்க் கேட்டாள். உப்புக் கம்மி என்றார்.

ஒருநாள் கம்பெனி மேனேஜர் வளவையே திரட்டிக்கொண்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். "பெரியவரே, உங்க ஜனங்களே விக்கச் சொல்றாங்க, கேளுங்க."

"கேக்கேன். தகட்டைத் தொட்டுட்டு வந்து சொல்லச் சொல்லுங்க."

வந்தவர்கள் எல்லாருமே, டீக்கடைக்கு முன்னால் மாரியண்ணனும், பட்டாசு வேலை பார்த்தவர்கள். காலையில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் சாயங்காலம் முழுசாக வீடு திரும்புவோம் என்று நம்புகிற கூட்டம். தகடு அவர்களுக்குச் சாமி மாதிரி. மாரியண்ணன் முதலில் போனார். தொட்டார். பழக்கதோஷம், கை கண்ணுக்குப் போனது. பேச வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"வித்துராதீக அண்ணாச்சி. கடை போச்சுன்னா எம்புள்ளைகளோட தெருவுலதான் நிக்கணும்."

அடுத்தவர் தொட்டார். அவரும் அழுதார். மேனேஜர் என் காதருகே வந்து, "அதுல கரண்ட் ஏதும் வருதா சார்?" என்றார்.

கம்பெனி சாத்தூர்ப் பக்கம் இடம் பார்த்துப் போய்விட்டது. மறுநாள் மாரியண்ணன் டீ ஆற்றிக்கொண்டே, "இந்தாளு வித்திருந்தா நமக்கும் லிப்ட் வந்திருக்கும்லே" என்றார். வளவே ஆமாம் போட்டது. அண்ணாச்சியும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீனி கம்மி என்றார்.

அவர் இறந்த அன்று, யாரும் சொல்லாமலே செல்போன்களை வெளியே வைத்துவிட்டு வரிசையாகத் தகட்டைத் தொட்டோம். கண்ணுக்குப் போன கையை வெகுநேரம் யாரும் எடுக்கவில்லை.