ட்யூபுக்கு ஏங்குன கடிகாரக்காரர்

ஊர்ல எல்லாரும் ட்யூப் வேண்டாம்னு வேண்டிக்குவாங்க. நம்ம கடிகாரக் கடைக்காரர் வேணும்னு வேண்டிக்கிட்டார்!

புரோஸ்டேட் வீங்கி ரெண்டு வருஷமா மனுஷன் படாத பாடு. ராத்திரிக்கு அஞ்சு தடவை எந்திரிப்பார். போய் நிப்பார். நின்னுக்கிட்டே இருப்பார். ஓடாத கடிகாரத்தைத் தட்டுன மாதிரி ரெண்டு சொட்டு.

ஆனா அவரோட ஏக்கமே வேறங்க. எதிர்வீட்டு வாத்தியாருக்கும் இதே தொல்லை. பெரிய ஆபரேஷன், ஒண்ணுக்குப் போக ட்யூப், பை, பத்து நாள் படுக்கை. வாத்தியார் சம்சாரம் பக்கத்துலயே உக்காந்து தலையைக் கோதி விட்டாங்க. ஜன்னல் வழியா பாத்த நம்மாளுக்கு வயிறு எரிஞ்சுது. தன் வீட்டுக்காரம்மா கடைசியா தன் தலையைத் தொட்டது எப்போ? திரைச்சீலை தைக்கிற மிஷின் வாங்குனதுலேர்ந்து அந்தக் கை துணியைத்தான் தடவுது!

அதனால, தனக்கும் அதே ஆபரேஷன்தான்னு நம்பி முன்ரூம்ல கட்டில் போட்டார். ரெண்டு தலகாணி. கடையிலேர்ந்து ஒரு பித்தளை மணி. அடிச்சா அவங்க ஓடி வரணும்.

டாக்டரம்மா கவுத்துட்டாங்க.

"வெட்டே இல்லைங்க. வழியை அடைக்கிற சதையை ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டிடுவோம்."

"திரைச்சீலையை ஓரங்கட்டற மாதிரியா?"ன்னாங்க வீட்டுக்காரம்மா.

"அதேதான்! சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்போ... ட்யூபு?" அவர் குரலே உள்ள போயிடுச்சு.

"பெரும்பாலும் தேவைப்படாது. முடிஞ்சப்புறம் நீங்களா ஒண்ணுக்குப் போகலைன்னாதான் ட்யூப்."

மனுஷன் கண்ணு மின்னிச்சு பாருங்க!

எல்லாம் முடிஞ்சுது. நர்ஸ் தண்ணி குடுத்தாங்க. குடிச்சார். அடக்கினார். ரெண்டு வருஷமா வா வான்னு கெஞ்சியும் வராதது, இன்னிக்கு வேண்டாங்கறப்போ முட்டிக்கிட்டு நிக்குது!

"என்னங்க, வருதா?"ன்னாங்க வீட்டுக்காரம்மா.

"ம்ஹூம். ட்யூப்தான் போடணும்போல."

"அப்புறம் ஏன் காலைப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"குளிருதுடி."

"நெத்தியில வேர்வை கொட்டுதே?"

அவங்க எந்திரிச்சுப் போய் மூலையில இருந்த குழாயைத் திறந்தாங்க. மெல்லிசா. சொர்ர்ர்...

"மூடுடி!"

"கை கழுவறேங்க."

"எவ்ளோ நேரம் கழுவுவ?"

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும்."

ஓடினார். கொட்டிடுச்சு. ட்யூப் கனவும் அதோடயே போச்சு.

வீட்டுக்கு வந்து தொங்குன மூஞ்சியோட முன்ரூமுக்குள்ள நுழைஞ்சா, கட்டில்ல அவங்க! ரெண்டு தலகாணியும் அவங்க தலைக்குக் கீழ.

"ஏய், அது எனக்குப் போட்டது!"

"அஞ்சு தடவை எந்திரிச்சீங்களே, இருட்டுல விழுந்துடப் போறீங்கன்னு அஞ்சு தடவையும் கூடவே முழிச்சிருந்தது யாரு? ரெண்டு வருஷம்ங்க. இன்னிக்குத்தான் நான் தூங்கப் போறேன்."

யாருக்கு ஏங்கினாரோ அவங்க இத்தனை ராத்திரியும் பக்கத்துலயே முழிச்சுக் கெடந்திருக்காங்க! மெதுவா உக்காந்து அவங்க தலையைக் கோதி விட்டார்.

"நல்லாருக்கு"ன்னாங்க, கண்ணைத் திறக்காமயே. "லேசா நடமாடலாம்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? ஒரு டீ போடுங்க."

அவர் இன்னும் அடுப்பைக்கூடப் பத்த வைக்கல. அதுக்குள்ள முன்ரூம்ல பித்தளை மணி அடிச்சுது.