ஹாலுக்கு மூன்று வாட்

மாலை ஆறரை மணி. வீட்டில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் பதினொன்று. என் மனைவி ராஜஸ்ரீ அவற்றில் எதன் கீழும் இல்லை. பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். அன்றுதான் சபதம் எடுத்தேன்: எங்கள் ஸ்ரீவராகம் பகுதியிலேயே முதல் மின்சிக்கன வீடு என்னுடையதாக இருக்கும்.

அது ஊருக்குச் சொன்ன காரணம். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். தினமும் மாலையில் லிங்கம், ராமசுப்ரமணியன், ஞானையன் மூவரும் எங்கள் ஹாலுக்கு வருவார்கள். என்னையும் சேர்த்து நால்வரும் ஓய்வு பெற்றவர்கள். எட்டு மணி வரை சீட்டில் இருபத்தெட்டு என்ற ஆட்டம் ஆடுவோம். அதற்குத்தான் ஆபத்து. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான பிளஸ் டூ பரீட்சையை ஐம்பத்துநாலு வயதில் எழுதப்போவதாகவும், ஹாலில் உட்கார்ந்துதான் படிக்கப்போவதாகவும் என் மனைவி அறிவித்திருந்தாள்.

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். எல்.ஈ.டி.க்கு வாட்டைப் பார்த்தால் போதாது, அட்டையில் லூமன் என்று போட்டிருக்கும், அதுதான் வெளிச்சம் என்றார் கடைக்காரர் விஜின். பார்த்தேன். ஹாலுக்கு ஆகக் குறைந்த லூமன்: மூன்று வாட், மஞ்சள். பின்கட்டு அறைக்கு ஆக உயர்ந்தது: பதினைந்து வாட், பளீர் வெள்ளை. அந்த அறையில் எறும்பின் காலை எண்ணலாம். ஹாலில் யானை வந்தாலும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஏன்னா, ஹால் இப்படி இருட்டிண்டு கெடக்கே?"

"சிக்கனம். நீ உள்ளே போய்ப் படி. ஒன் கண்ணு முக்கியம் இல்லையா?"

"எனக்காகவா?"

"பின்னே யாருக்காக?"

புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டையே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறந்திருந்தேன். எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒழுங்கான கண் மூன்றுதான். முதல் ஆட்டத்திலேயே லிங்கம் ஆட்டின் சீட்டுக்கு டைமன் சீட்டைப் போட்டார். கையில் ஆட்டினே இல்லை என்று சாதித்தார், மூன்று இருந்தது. ராமசுப்ரமணியன் டார்ச் கேட்டார். ஞானையன் எழுந்து பின்கட்டை எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னவே, பட்டப்பகலு மாதிரி கெடக்கு?"

ஐந்தே நிமிடத்தில் மூவரும் சீட்டுக்கட்டோடு ராஜஸ்ரீயின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஆட்டம் நடந்தது. இந்தச் சரித்திர வருஷங்கள் மட்டும் மனசில் நிற்கமாட்டேன் என்கிறதே என்று அவள் பொதுவாக அலுத்துக்கொண்டாள். லிங்கம் சரித்திர வாத்தியாராக இருந்தவர். சீட்டைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் ராமசுப்ரமணியன் இங்கிலீஷ் இலக்கணத்தை எடுத்துக்கொண்டார். ஆயுள் முழுக்க டீக்கடையில் அரசியல் பேசிய ஞானையனுக்கு அரசியல் பாடம். ஒரு வாரத்தில் சீட்டுக்கட்டைக் காணவில்லை.

எனக்குத் தெரிந்த எதுவும் சிலபஸில் இல்லை. காபி போட்டேன்.

"ஹால்தான் வேணும்னு அன்னிக்கு அப்படிப் பிடிவாதம் பிடிச்சியே?" என்றேன், தம்ளர்களை வைத்தபடி.

"எனக்கு எப்பவும் இந்த ரூம்தான் வேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருந்தா நல்ல லைட்டை இங்கே போட்டிருப்பேளா?"

சக்கரை டப்பாவைத் திறந்தேன்.

"லிங்கம் சாருக்குச் சக்கரை வேண்டாம், கேட்டேளா."

ஜூலை 21-ம் தேதி ரிசல்ட் வந்தது. ராஜஸ்ரீ பாஸ். ஆகஸ்ட் 4-ம் தேதி பி.ஏ.வுக்குச் சேர்ந்தாள். அது மூன்று வருஷம்.