நாமகரணமும் இடியாப்ப உரலும்

சண்டைக் காலத்துக் கொழும்பில், சோதனைச் சாவடிக்கு அடுத்தபடியாக நான் பயந்தது எங்கள் கந்தோரில் 'நாமகரணம்' என்று நாங்கள் பட்டம் வைத்திருந்த அண்ணைக்குத்தான். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்களுக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

வெள்ளவத்தை காலி வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் கந்தோர். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் அச்சுகளுக்குக் கொம்பியூட்டரில் முப்பரிமாண மாதிரி கீறிக் கொடுப்போம். வாளி, போத்தல் மூடி, சவர்க்காரப் பெட்டி. மாதிரியில் ஒரு துளை போட்டாலும் சரி, விளிம்பை மழுக்கினாலும் சரி, அது ஒரு 'ஃபீச்சர்'. திரையின் இடப்பக்கம் வரிசையில் வந்து குந்தும். மென்பொருள் தன்பாட்டில் 'கட் 1', 'கட் 2' என்று பேர் போடும். மற்றக் கந்தோர்களில் அதோடு விட்டுவிடுவார்கள். நாமகரணம் விடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் அது பார்க்கும் வேலையைச் சொல்லும் பேர் வேண்டும். தமிழெழுத்தை மென்பொருள் ஏற்காது. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். 'தண்ணி வடியிற ஓட்டை.' 'விரல் வெட்டாமல் மழுக்கின விளிம்பு.'

நான் சேர்ந்த முதற்கிழமை 'கட் 14' என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மனுசன் என் கதிரையில்.

"உமக்குப் பிள்ளை பிறந்தால் 'பிள்ளை பதினாலு' எண்டோ பதியப்போறீர்?"

"பதினாலு பெறமாட்டன் அண்ணை."

அதற்கொரு பேர் அடித்துவிட்டுத்தான் கதிரையை விட்டெழும்பினார்.

இன்னொருநாள் வாளியின் மேல் வளையத்தை அழித்தேன். அதை நம்பியிருந்த காது, துளை, பிடி எல்லாம் திரையில் ஒரேயடியாகப் பிழையென்று சிவந்து விழுந்தன. செத்தவீட்டுக்கு வந்தவர்போலத் தலையில் கைவைத்தார். "தாயை அழிச்சால் பிள்ளையள் எங்க ஐசே போறது? வேண்டாமெண்டால் ஒதுக்கி வையும். அழிக்காதையும்!"

எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்தநாள் வெள்ளவத்தை மாடிப்படியெல்லாம் சப்பாத்துச் சத்தம் கேட்கும். அப்படியொரு காலை பத்து மணிக்கு ஒரு பொலிஸ் சார்ஜண்டும் இரண்டு ஆமிக்காரரும் ஏறிவந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. எல்லாரும் நீட்டினோம்.

எல்லாம் சரி. போகத் திரும்பிய சார்ஜண்டின் கண் என் திரையில் விழுந்தது. ஒரு உருளை. அதற்குள் இறங்கும் தண்டு. அடியில் சின்னச் சின்னத் துளைகள்.

"மே மொகத?" இது என்ன?

"இந்திஆப்ப வங்கெடிய, சேர்." இடியாப்ப உரல். சத்தியமாக அதுதான். புறக்கோட்டைக் கடைக்கார நானா ஒருவர் பிளாஸ்டிக்கில் கேட்டிருந்தார். பிடி சறுக்காமல் நிற்க, ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன இரும்பு உருண்டை வைத்திருந்தேன்.

சார்ஜண்ட் வடக்கில் வேலை பார்த்தவர். கொஞ்சம் தமிழ் வரும். இடப்பக்கப் பேர்களை விரல் வைத்து வாசித்துக்கொண்டே இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"குண்டு."

உருண்டைக்கு அவசரத்தில் நான் வைத்த பேர் அது. சார்ஜண்டுக்குத் தெரிந்த குண்டு வேறு.

"குண்டு கியன்னே போம்ப நே?" குண்டென்றால் வெடிகுண்டுதானே? இரண்டு துவக்கும் நிமிர்ந்தன. "கவுத லிவ்வே?" எழுதினது யார்?

நான் வடக்கிலிருந்து வந்து எட்டு மாதம், தனி அறை, வயது இருபத்திமூன்று. அப்படியான பெடியன் 'குண்டு' என்று எழுதினால் என்ன நடக்குமென்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.

"மம, சேர்." நான்தான்.

சொன்னது நாமகரணம். அந்தப் பேரை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறார். அவருக்குத் துவக்கைவிட அந்தப் பேர்தான் கூடுதலாக நொந்திருக்கும்.

என்னைத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தார். வரிசையின் அடியில் கிடந்த கோட்டை மவுஸால் பிடித்து மேலே இழுத்தார். கோடு ஏற ஏறத் துளைகள் மறைந்தன. பிடி போனது. தண்டு போனது. வெறும் வட்டம் மிஞ்சியது. பிறகு கோட்டை ஒவ்வொரு படியாக இறக்கி, உடைந்த சிங்களத்தில் விளக்கினார். இது மா போடுற வாய். இது கை அமத்துற இடம். இது மா பிதுங்கிற துளை. 'குண்டு' வந்ததும் அதை மட்டும் ஒதுக்கிக் காட்டினார். உரல் ஒன்றும் ஆகாமல் நின்றது.

"போம்ப நெஹெ சேர். போலயக்." குண்டில்லை, உருண்டை.

ஒரு ஆமிக்காரன் சிரித்துவிட்டான். சார்ஜண்ட் சிரிக்கவில்லை. "யமு," என்றார். நட.

படியில் இறங்கும்போது நாமகரணம் திரும்பி என்னைப் பார்த்தார். "ஒண்டையும் அழிச்சுப்போடாதையும்."

முதலாளி சந்தைக்கு ஓடி ஒரு மர இடியாப்ப உரலை வாங்கி, அதைச் சாட்சிபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார். நான் திரையைப் பார்த்தபடியே இருந்தேன்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். நாமகரணத்தின் சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை.

"அடிச்சவங்களோ அண்ணை?"

"பொலிசில பெரியவர் நல்ல மனிசன். எங்கட உரல் எப்ப கடைக்கு வருமெண்டு கேட்டவர்."

கேட்டதற்கு அது பதிலில்லை.

"நான்தான் எண்டு நான் சொல்லியிருக்கவேணும்."

"எனக்குக் கொழும்பில பதினாறு வருசம், ஐசே. மனிசி, பிள்ளையள் இருக்கினம். என்னை விடுவாங்கள். உம்மை விடமாட்டாங்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். நான் வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

அவர் வீடு ஊரின் மற்றக் கரையில், கொட்டாஞ்சேனையில். என் அறை கந்தோரிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அன்று பின்னேரம் அவரோடு பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, அவர் மனைவி கதவைத் திறக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.